கிழக்குக் கரையின் பவுண்டு

கவர்னர் லைல் ஹாகுட் அந்தத் தேர்தலில் ஜெயித்தது நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில். அந்த நாலாயிரமும் மாநிலத் தலைநகர் மார்லோவின் கிழக்குக் கரையிலிருந்து, அதாவது ஆற்றுக்கு இந்தப் பக்கம் கறுப்பர்கள் குடியிருக்கும் தெருக்களிலிருந்து வந்தவை. இது அவருக்கும் தெரியும், கிழக்குக் கரைக்கும் தெரியும். பிரச்சாரத்தின்போது மவுண்ட் நேபோ பாப்டிஸ்ட் சபையின் விருந்தில், கோழி வறுவலைக் கையில் பிடித்தபடியே அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நான் ஜெயிச்சா, இந்த மாநிலத்துல முதல் முறையா ஒரு துறைக்குத் தலைவரா உங்கள்ல ஒருத்தரை உக்கார வைப்பேன்."

எந்தத் துறை என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜெயித்த பிறகு அந்தக் கேள்வி கவர்னரின் செயலாளர் டெரிலின் தலையில் விழுந்தது. சாலைத் துறை என்றால் ஒப்பந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கல்வி என்றால் பெற்றோர்கள். மீன் வளம் என்றால் தூண்டில் போடுபவர்கள். அந்த மாநிலத்தில் அவர்கள்தான் எல்லோரையும்விட ஆபத்தானவர்கள். டெரில் மூன்று நாள் பட்டியலைப் புரட்டி, தலைமைச் செயலகத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் எடை அளவைத் துறை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் ஆணையர் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் போனதை யாரும் கவனிக்கவில்லை.

லவீனியா டப்ஸுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. கிழக்குக் கரை உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் வேதியியல் கற்பித்தவள். கவர்னர் அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, பழைய மாணவன் எவனோ ஜெயிலுக்குப் போய்விட்டான், நற்சான்றிதழ் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். விஷயம் தெரிந்ததும் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் கணவன் ரூஃபஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எடையும் அளவுமா?" என்றான் ரூஃபஸ். "உன்னையப் போயி தராசுக்குக் காவல் போடுறாங்களா?"

"ஆணையர்டா. மாநிலத்துலயே முதல் ஆளு."

"முதல் ஆளுன்னா சரி. சம்பளமும் முதல் ஆளுக்குக் குடுக்குற மாதிரி குடுப்பானா?"

பதவியேற்பு விழாவில் அவள் மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. முதல் முறை பத்திரிகைக்காரரின் கேமரா விளக்கு எரியவில்லை. இரண்டாம் முறை கவர்னர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாம் முறைதான் எல்லோர் கண்ணும் திறந்திருந்தது. மறுநாள் ஆறு பத்திரிகைகளில் படம் வந்தது. ஆறிலும் கவர்னர் அவள் கையை விடாமல் பிடித்திருந்தார்.

கீழ்த்தளத்து அலுவலகத்தில் அவளுக்காகக் காத்திருந்தவர் எமில் க்ராட்ஸ். முப்பத்தொரு வருடம் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்த வெள்ளைக்காரர். சிவந்த கழுத்து, பெரிய மீசை, எப்போதும் தேய்த்துப் போட்ட சட்டை. கறுப்புப் பெண்மணியின் கீழ் வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று வீட்டில் புலம்பியிருப்பார். ஆனால் அலுவலகத்தில் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"இங்க என்ன வேலை நடக்குது, க்ராட்ஸ்?" என்று கேட்டாள்.

"வேலையா?" எமில் கொஞ்சம் யோசித்தார். "வருஷா வருஷம் அறிக்கை ஒண்ணு மேல அனுப்புவோம்மா."

"அதுல என்ன எழுதுவீங்க?"

"போன வருஷம் எழுதினதைத்தான்."

கண்ணாடி அலமாரியில் மாநிலத்தின் மூல எடைக்கற்கள் பித்தளையில் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் தூசி இல்லை. எமில் தினமும் துடைப்பார். முப்பத்தொரு வருடமாக அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நான்கு மாதம் அவளுக்கு மேசையில் உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. பால்மாடு வளர்ப்போர் சங்க விருந்துக்கு வந்த முதல் கறுப்புப் பெண்மணி. மாநிலப் பூக்கண்காட்சியில் ரிப்பன் வெட்டிய முதல் கறுப்புப் பெண்மணி. அரசு மருத்துவமனையில் புதுப் படுக்கை விரிப்புகளைப் பார்வையிட்ட முதல் கறுப்புப் பெண்மணி. படுக்கை விரிப்புகளை அதற்கு முன்பு எந்த நிறத்தவரும் பார்வையிட்டதாகத் தெரியவில்லை. போன இடமெல்லாம் கோழிக்கறி போட்டார்கள். போன இடமெல்லாம் "எப்படி உணருறீங்க?" என்று கேட்டார்கள்.

"நீ வேலைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்றான் ரூஃபஸ்.

அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விருந்து ஒன்று ரத்தானது. அன்று மத்தியானம் அலமாரிக்கு அடியில் கிடந்த எடை அளவைச் சட்டத்தை எடுத்துப் படித்தாள். 1889இல் இயற்றியது, பதினோரு பக்கம். வேதியியல் விடைத்தாளைத் திருத்துவதுபோலப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனாள். நான்காம் பக்கத்தில் பென்சில் நின்றது. ஆணையர் எந்த நாளிலும், எந்தக் கடையிலும், முன்னறிவிப்பு இல்லாமல் நுழைந்து தராசைச் சோதிக்கலாம். பிழை இருந்தால் அங்கேயே சிவப்பு அட்டை கட்டித் தடை செய்யலாம். அந்த அட்டையை ஆணையரைத் தவிர வேறு யாரும், கவர்னர் உட்பட, அவிழ்க்கக் கூடாது. 'கவர்னர் உட்பட' என்றே அச்சடித்திருந்தது. அந்தக் காலத்துக் கவர்னர் யாரோ அவிழ்த்திருக்க வேண்டும்.

அவளுக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்து முகம் சுட்டது. கிழக்குக் கரைப் பெண்களுக்கு ஒரு பழைய குறை உண்டு: கடையில் வாங்கும் இறைச்சி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இதை அவளிடம் கேட்டபோது, படித்தவள் என்ற முறையில் அவள் விளக்கம் சொல்லியிருந்தாள். இறைச்சியில் நீர் இருக்கிறது, நீர் ஆவியாகிறது, ஆகவே எடை குறைகிறது. இருபது வருடமாக அந்த விளக்கத்தைத் தெருத் தெருவாகப் பரப்பியிருந்தாள். மூன்று தெரு தூரத்தில் ஒரு பவுண்டில், அதாவது பதினாறு அவுன்ஸில், இரண்டு அவுன்ஸ் தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அந்த இறைச்சியை அடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை காலை எமிலைக் கூப்பிட்டாள். "சோதனைக் கற்களை எடுத்துக்கோங்க. கடைக்குப் போறோம்."

"சரிம்மா. எந்தக் கடைன்னு சொல்லுங்க, போன் பண்ணிடுறேன்."

"எதுக்குப் போன்?"

"நாளைக்கு வர்றோம்னு சொல்லத்தான். சொல்லாம கொள்ளாம ஒருத்தர் கடைக்குள்ள போறது மரியாதையா?"

"முப்பத்தொரு வருஷமா போன் பண்ணிட்டுத்தான் போனீங்களா?"

"எல்லாத் தராசும் ரொம்பச் சரியா இருந்துச்சும்மா" என்றார் எமில் பெருமையோடு.

முதல் கடையாக எதை எடுப்பது என்று அவள் பெரிதாக யோசிக்கவில்லை. தன் தெருவிலிருந்தே ஆரம்பித்தாள். வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி டீக்கன் எஸ்ரா மம்ஃபோர்டின் இறைச்சிக் கடை. மவுண்ட் நேபோ சபையில் பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் மூத்த டீக்கன். அவள் கல்யாணத்தில் பாடியவர். கிழக்குக் கரையில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருந்த ஐந்தாறு கறுப்பர்களில் ஒருவர். அவளைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பாருங்க, பாருங்க! யாரு வந்திருக்காங்க பாருங்க! நம்ம ஆணையர்! எல்லாரும் வழி விடுங்க!"

கடையிலிருந்த எட்டுப் பெண்களும் கை தட்டினார்கள். டீக்கன் மேலங்கியைக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொண்டார். யாராவது படம் பிடிக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். எமில் ஐந்து பவுண்டு கல்லைத் தராசுத் தட்டில் வைத்தார். ஊசி ஐந்தைத் தாண்டியது. ஐந்தரையையும் தாண்டி, ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸில் போய் நின்றது.

கை தட்டல் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ வைங்க" என்றாள் லவீனியா. எமில் வைத்தார். அதே பத்து.

"பழைய தராசு, சிஸ்டர்" என்றார் டீக்கன் சிரித்தபடி. "நம்மள மாதிரிதான். குளிர் வந்தா முட்டி பிடிச்சுக்கும்."

"எப்பவும் உங்க பக்கமாவே பிடிச்சுக்குதே, டீக்கன்."

அவர் சிரிப்பு போய்விட்டது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "லவீனியா, ஜனங்க பாக்குறாங்க. நாளைக்கு நானே சரி பண்ணிடுறேன். மொத சிவப்பு கார்டு நம்ம ஆளுக்கேவா? ஆத்துக்கு அந்தப் பக்கம் கடையே இல்லையா உனக்கு?"

உண்மையில் அந்தப் பக்கம் நிறையக் கடைகள் இருந்தன. ஆனால் ஊசி பத்தில் நிற்பதை எட்டுப் பெண்களும் பார்த்துவிட்டார்கள், அவளும் பார்த்துவிட்டாள். சிவப்பு அட்டையைத் தராசில் பிடித்துக்கொண்டு கம்பியை எமிலிடம் நீட்டினாள். எமில்தான் முறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பதினோரு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. ரூஃபஸ் கடைசியில் வந்து, கால் நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தான். பின்னால் தொப்பி வைத்த பெண்கள் அவள் காதில் விழ வேண்டிய அளவுக்கு ரகசியம் பேசினார்கள்.

"வெள்ளைக்காரன் ஒரு நாற்காலி குடுத்தான். மொத வேலையா நம்ம டீக்கன் தலையில தூக்கிப் போட்டுட்டா."

"நாற்காலியாவது ஒண்ணா? கொதிகலன் பக்கத்துல போட்டிருக்காங்களாம். அந்தச் சூடுதான் தலைக்கேறிடுச்சு."

பாஸ்டர் அன்று தராசைப் பற்றி வேதத்தில் இருக்கும் எந்த வசனத்தின் பக்கமும் போகாமல், நோவாவின் வெள்ளத்தைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கித்தார்.

மேற்குக் கரையிலோ ஒரே கொண்டாட்டம். 'நிறம் பார்க்காத தராசு' என்று பெரிய பத்திரிகை தலையங்கம் எழுதியது. தன் இனத்தவர் என்றும் பாராமல் நடவடிக்கை எடுத்த நேர்மையை அது மூன்று பத்திகளில் மெச்சியது. அந்தப் பத்திரிகை இதற்கு முன்பு யாரையும் தன் இனத்தவர்மேல் நடவடிக்கை எடுத்ததற்காக மெச்சியதில்லை. கவர்னருக்குத் தலைகால் புரியவில்லை. தொலைக்காட்சியில் தோன்றி, உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

"நம்ம மாநிலத்துல சட்டத்துக்கு நிறம் கிடையாது. கடை பெருசா இருந்தாலும் சரி, சின்னதா இருந்தாலும் சரி, கடைக்காரர் எனக்கு வேண்டியவரா இருந்தாலும் சரி, லவீனியா எங்க போனாலும் அவங்க பின்னாடி நான் நிப்பேன்!"

லவீனியா மறுநாள் டெரிலுக்குப் போன் செய்து, அந்தப் பேச்சின் பிரதி ஒன்று கவர்னர் கையெழுத்தோடு கிடைக்குமா என்று கேட்டாள். டெரில் உருகிப்போனார். கண்ணாடிச் சட்டமே போட்டு அனுப்பிவைத்தார்.

அவள் அதைச் சுவரில் மாட்டிவிட்டு எமிலைக் கூப்பிட்டாள்.

"அடுத்து பிளெட்சோ."

எமில் கையிலிருந்த துடைக்கும் துணி கீழே விழுந்தது. மார்லோவில் பிளெட்சோ அங்காடிகள் ஒன்பது. ஏழு மேற்கில், இரண்டு கிழக்கில். முதலாளி வார்னர் பிளெட்சோ கவர்னரின் தேர்தல் குழுத் தலைவர். நன்றி கூறும் நாளுக்கு மூன்றே நாள்தான் இருந்தது. நகரமே வான்கோழி வாங்கிக்கொண்டிருந்த வாரம்.

கிழக்குக் கரையின் பெரிய பிளெட்சோ கடையில் அவர்கள் நுழைந்தபோது மேலாளர் எமிலைப் பார்த்து, "என்ன, போனே வரலையே?" என்றார் குழப்பத்தோடு. எமிலின் கழுத்துச் சிவப்பு காதுவரை ஏறியது.

ஏழு தராசு. ஏழிலும் ஐந்து பவுண்டு கல்லை வைத்தார்கள். ஏழு ஊசியும் ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸில் போய் நின்றன.

அங்கிருந்து நேராகப் பாலம் தாண்டி மேற்குக் கரைக் கடைக்குப் போனார்கள். அங்கே ஊசி ஐந்தில் நின்றது. அரை அவுன்ஸ்கூட அசையவில்லை.

எமில் காரைத் திருப்பினார். பாலத்தின் நடுவில் வந்ததும் சொன்னார்: "அம்மா, பழுதாப் போன தராசு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பழுதாகும். முப்பத்தொரு வருஷமா இதைத்தான் பாத்திருக்கேன்... பாத்திருக்கணும். ஏழும் ஒரே பத்துன்னா, யாரோ உக்காந்து திருப்பி வெச்சிருக்காங்க. டீக்கன் கடையிலயும் அதே பத்துதான்."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "வண்டிய டீக்கன் கடைக்கு விடுங்க" என்றாள்.

டீக்கன் மம்ஃபோர்டு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அட்டை கட்டிய தராசு மூலையில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்ப எதுக்கு வந்தே? கத்தியையும் கட்டிப்போடப் போறியா?"

"இந்தத் தராசை எங்க வாங்கினீங்க, டீக்கன்?"

எமில் குனிந்து தராசைக் கவிழ்த்தார். அடியில் மங்கிய வெள்ளை எழுத்தில் 'பிளெட்சோ, கடை எண் 4' என்றிருந்தது. எண் 4 அந்தப் பெரிய கிழக்குக் கரைக் கடை.

டீக்கன் தன் முக்காலியில் உட்கார்ந்தார். "பழசுன்னு தள்ளிவிட்டாங்க. வாங்கிட்டு வந்தேன். மொத வாரமே தெரிஞ்சுபோச்சு, அது அதிகமாக் காட்டுதுன்னு."

"தெரிஞ்சுமா?"

"பிளெட்சோ பத்து வருஷமா அதுலதான் நிறுத்தான். அவனை ஒருத்தர் கேட்டீங்களா? அவன் நிறுத்தா எடை, நான் நிறுத்தா பாவமான்னு நெனச்சுக்கிட்டேன்." மேலங்கியில் கைகளைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தப் பொம்பளைங்களோட சேர்ந்துதானே பாடுறேன்."

"பிளெட்சோ மேல விசாரணைக் கமிஷன் வரும். அதுல வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"என் மானம் போயிடும்."

"போனது போயிடுச்சு, டீக்கன். மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

அன்று மாலைக்குள் கிழக்குக் கரையின் இரண்டு பிளெட்சோ கடைகளிலும் மொத்தம் பதினான்கு தராசுகளில் சிவப்பு அட்டை தொங்கியது. இந்தமுறை கம்பியை அவளே முறுக்கினாள். உள்ளே வான்கோழிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. நிறுக்க வழியில்லை, ஆகவே விற்கவும் வழியில்லை. வெளியே கூடைகளோடு பெண்கள் கூட்டம். சபையில் நாற்காலியைப் பற்றிப் பேசிய அதே தொப்பிக்காரி முன்னால் வந்தாள்.

"ஏம்மா ஆணையரு, விருந்து நாளும் அதுவுமா எங்கள வெறும் கையோட அனுப்புறியா? வான்கோழிக்கு எங்க போறது?"

லவீனியா அவளிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இங்கே பதினாலு அவுன்ஸ்தான் ஒரு பவுண்டு, அங்கே பதினாறு. இறைச்சி ஆவியாவதைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். தொப்பிக்காரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப மேக்கால இருக்குற பவுண்டு நம்ம பவுண்டைவிடக் கொழுத்ததா? வாங்கடி, போயி அதையும் ஒரு கை பாத்துருவோம்!"

நன்றி கூறும் நாளுக்கு முந்தின இரண்டு நாளும் பாலத்தில் பேருந்துகள் நிரம்பி வழிந்தன. மவுண்ட் நேபோ சபையின் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு மேற்குக் கரையின் பளபளப்பான பிளெட்சோ கடைகளில் வரிசையில் நின்றார்கள். வான்கோழிகளைக் கிள்ளிப் பார்த்தார்கள். நிறுத்ததை மறுபடி நிறுக்கச் சொன்னார்கள். "ஏம்ப்பா, கட்டை விரலைத் தட்டுல இருந்து எடு. நான் கோழியத்தான் வாங்குறேன், உன் கைய இல்ல." சட்டப்படி யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது, வியாபாரப்படி சொல்ல மனமும் வராது. மேற்குக் கரைச் சீமாட்டிகள் சிலர் ஏதோ போராட்டம் என்று பயந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வேறு சிலர், இந்தப் பெண்கள் எதற்கு இரண்டு முறை நிறுக்கச் சொல்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத் தாங்களும் இரண்டு முறை நிறுக்கச் சொன்னார்கள்.

மறுவாரத் திங்கட்கிழமை கவர்னர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் டெரிலோடு வார்னர் பிளெட்சோவும் இருந்தார். குட்டையான மனிதர், உட்கார முடியாத அளவுக்குக் கோபம்.

"வா லவீனியா, உக்காரு" என்றார் கவர்னர் தேனொழுக. "நம்ம வார்னர் ரொம்ப வருத்தத்துல இருக்காரு. கிழக்குக் கரை ஆத்தை ஒட்டின பள்ளமாம். ஈரக் காத்துல ஸ்பிரிங் கெட்டுப்போயிருக்குமாம்."

"மேற்குக் கரையும் அதே ஆத்தை ஒட்டித்தான் இருக்கு, லைல்" என்றாள் அவள்.

டெரில் இருமினார். கவர்னரின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. மாநிலத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை அவர் மனைவிக்கும் வார்னர் பிளெட்சோவுக்கும் மட்டும்தான் இருந்தது.

"என்னது?"

"நீங்க பேரு சொல்லிக் கூப்பிடுறீங்க. அந்த அளவுக்குப் பழக்கம் ஆயிட்டோம்னு நெனச்சேன். இல்லைன்னா, நான் திருமதி டப்ஸ், நீங்க கவர்னர். எதுவா இருந்தாலும் ரெண்டு தட்டும் சமமா இருக்கட்டும்."

"திருமதி டப்ஸ்" என்றார் கவர்னர், பல் வலிக்காரன் ஐஸ்கிரீம் சாப்பிடுவதுபோல. "உங்களுக்கு இதைவிடப் பெரிய பதவி ஒண்ணு வெச்சிருக்கேன். மாநில நூற்றாண்டு விழாவுக்கு நல்லெண்ணத் தூதர். கார், டிரைவர், ஊர் ஊராப் போகலாம். அந்தப் பதவிக்கும் நீங்கதான் முதல் கறுப்புப் பெண்மணி."

"அந்தப் பதவியே இப்பத்தான் உண்டாகுது. அப்ப நான் முதல் மனுஷியும்தான்."

"அதேதான்!" என்றார் கவர்னர் மகிழ்ச்சியோடு.

"எனக்கு இந்த வேலையே போதும், கவர்னர். இதுக்கு மூணு தடவ சத்தியம் பண்ணியிருக்கேன். எதை மீறினாலும் இன்னும் ரெண்டு பாக்கி நிக்கும்."

பிளெட்சோ வெடித்தார். "லைல்! இவங்களை வேலையை விட்டுத் தூக்கு!"

"வார்னர், அன்னைக்கு டி.வி.யில நான் பேசினதை இவங்க சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்காங்க" என்றார் கவர்னர் பரிதாபமாக. "என் கையெழுத்தோட."

விசாரணைக் கமிஷன் ஜனவரியில் கூடியது. பிளெட்சோவின் வக்கீல் ஆற்று ஈரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். எமில் க்ராட்ஸ் எழுந்து, ஈரம் ஒரே அளவாகப் பத்து அவுன்ஸ் போட்டுக்கொடுத்ததைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அத்தோடு, முப்பத்தொரு வருடமாக யார் யாருக்குத் தான் முன்கூட்டிப் போன் செய்தேன் என்பதையும், யாரும் கேட்காமலே, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அரை மணி நேரம் பிடித்தது. டீக்கன் மம்ஃபோர்டு தராசைத் தானே சுமந்து வந்து, கமிஷன் முன் கவிழ்த்துக் காட்டினார். வாங்கின கதையைச் சொன்னார். தெரிந்தே நிறுத்ததையும் சொன்னார். சொல்லும்போது அவர் கமிஷனைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சபைப் பெண்களைத்தான் பார்த்தார்.

பிளெட்சோ அபராதம் கட்டினார். பதினான்கு தராசும் உடைக்கப்பட்டன. மறுவாரமே எல்லாப் பத்திரிகைகளிலும் முழுப் பக்க விளம்பரம் வந்தது: 'சரியான எடை, பிளெட்சோவின் பரம்பரைப் பெருமை'. கவர்னர் அடுத்த தேர்தலில் லவீனியா கையைப் பிடித்திருக்கும் பழைய படத்தைச் சுவர் சுவராக ஒட்டி, வான்கோழி விஷயத்தை ஆரம்பத்திலிருந்தே தான்தான் நடத்திவைத்ததாகப் பேசினார். கிழக்குக் கரை அதைக் கேட்டுச் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஓட்டும் போட்டது, ஏனென்றால் எதிரில் நின்றவர் வார்னர் பிளெட்சோவின் மைத்துனர்.

சபையில் அந்தப் பெஞ்சு உடனே நிரம்பிவிடவில்லை. சிலருக்கு டீக்கன்மேல் கோபம், சிலருக்கு அவளை ஏசியதில் வெட்கம். இரண்டு சாராரும் வேறு வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். ஈஸ்டர் வாக்கில்தான் தொப்பிக்காரி வந்து, "தள்ளி உக்காரு. ரூஃபஸ், காலை மடக்கு" என்றாள். டீக்கன் மூத்த டீக்கன் பதவியைத் தானே விட்டுவிட்டுப் பாடகர் குழுவின் பின்வரிசைக்குப் போனார். கடையில் புதுத் தராசு வாங்கி வைத்தார். வியாபாரம் பழைய அளவுக்கு ஒருபோதும் திரும்பவில்லை. அது அவளை உறுத்தியது. ரூஃபஸிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறாள்: அன்றைக்கே வண்டியை நேராக ஆற்றைத் தாண்டி விட்டிருக்கலாமோ என்று.

"தாண்டியிருந்தா அந்த டி.வி. பேச்சு ஏது? உன்ன அன்னைக்கே அந்த நூற்றாண்டு காருல ஏத்தி அனுப்பியிருப்பாங்க" என்றான் ரூஃபஸ். அது உண்மைதான். ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

பதினோரு வருடம் அவள் அந்தப் பதவியில் இருந்தாள். பெட்ரோல் பம்புகள், தானியக் கிடங்குகள், மருந்துக் கடைகள் என்று மாநிலம் முழுக்கச் சுற்றினாள். அவள் கார் ஊருக்குள் வருகிறது என்றால் ஊசிகள் தாமாகவே சரியாகிவிடும் என்று வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். விருந்துகளுக்கு அழைப்பது அடியோடு நின்றுபோனது.

மூன்றாம் வருடம் ஒருநாள் டெரில் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார். கொதிகலன் சூட்டில் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "கவர்னர் ஒரு உதவி கேக்குறாரு, திருமதி டப்ஸ்" என்றார். "உங்க ஆளுங்கள்ல இன்னொருத்தரை ஒரு பதவிக்குப் போடலாம்னு இருக்காரு. ஆவணக் காப்பகம். நீங்களே ஒரு பேரு சொல்லுங்க. கொஞ்சம்..." அவர் வார்த்தை தேடினார். "கொஞ்சம் அமைதியானவரா."

"எங்க பள்ளிக்கூட நூலகர் மிஸ் ஜெருஷா விங்கேட்டைப் போடுங்க. இருபது வருஷத்துல அவங்க குரல் உசந்து நான் கேட்டதில்ல."

டெரில் அப்பாடா என்று பெயரை எழுதிக்கொண்டார். "வம்பு தும்புக்குப் போக மாட்டாங்களே?"

"எங்க போவாங்க? எந்நேரமும் உக்காந்து படிச்சுக்கிட்டே இருப்பாங்க. நாப்பது வருஷத்துக் கோப்பா இருந்தாலும் ஒரு பக்கம் விட மாட்டாங்க."

"ரொம்ப நல்லது" என்றார் டெரில், உண்மையான நன்றியோடு. படியேறி மேலே போனார்.

எமில் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?" என்றாள் லவீனியா. "வடக்கு மாவட்டத்துல பம்பு பாக்கணும்னு சொன்னீங்களே, வண்டி எடுங்க."